திருவிழா மேடையும் மெல்லிசைக் குழுக்களும்: வாசகர் கேள்வி – பதில்

இளமையில் கேட்டு மகிழ்ந்த மேடைக் கச்சேரிகளைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் பாடிய மெல்லிசைக் குழுக்களைப் பற்றியவை. அவற்றுள் கேள்வி எழுப்பியிருந்த சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எழுபது வயதாகிறது எனக்கு. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய நடந்த மெல்லிசைக் கச்சேரிகளுக்கு ஈடாக இன்று எதுவும் இல்லை என்று சொன்னால், "அப்போது உங்களுக்குப் பதினெட்டு வயது தாத்தா, அதனால்தான் அப்படித் தோன்றுகிறது" என்கிறாள் என் பேத்தி. அந்தக் குழுக்கள் உண்மையிலேயே நன்றாக வாசித்தனவா, அல்லது என் வயது அப்படிச் சொல்ல வைக்கிறதா? — வாசகர், கும்பகோணம்

உங்கள் பேத்தி சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நடு வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்தைச் சேர்ந்தவையே மிகுதியாக வெளிவருகின்றன என்பது நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் பல நாடுகளிலும் கண்டறிந்த செய்தி. அந்த வயதில் கேட்ட பாட்டு மனத்தில் ஊன்றிக்கொள்வதும் அதனால்தான். ஆனால், ஒரு பாட்டு ஏன் நம் நினைவில் நிற்கிறது என்பது வேறு. அதை மேடையில் வாசித்தவர்களிடம் எவ்வளவு திறமை இருந்தது என்பது வேறு. இரண்டாவதை நம் வயதைக் கணக்கில் கொள்ளாமலேயே எடைபோட முடியும். அப்படி எடைபோட்டால் அந்தக் கலைஞர்களின் தராசுத் தட்டு நன்றாகவே தாழ்கிறது.

அவர்கள் செய்த வேலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வரிசை, புல்லாங்குழல், சிதார், ட்ரம்பெட், தபேலா, டோலக், பாங்கோஸ் என்று பெரிய வாத்தியக் குழு கூடி உருவாக்கிய பாட்டை, எட்டுப் பேரோ பத்துப் பேரோ கொண்ட ஒரு குழு, திறந்த வெளியில், ஒத்திகைக்குப் போதிய நேரமின்றி, கேட்பவர் "ரேடியோவில் கேட்ட மாதிரியே இருக்கிறது" என்று சொல்லும்படி வாசிக்க வேண்டும். எழுதிய ஸ்வரக் குறிப்புகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கேசட் பரவலாவதற்கு முன்பு, வானொலியில் பாட்டு வரும் நேரத்துக்குக் காத்திருந்து காதால் பிடிக்க வேண்டும்; அல்லது படம் ஓடும் கொட்டகைக்கு மறுபடியும் மறுபடியும் போக வேண்டும்; காசு இருந்தால் இசைத்தட்டு வாங்கலாம். பழைய ரெக்கார்டு பிளேயர்களில் நான்கு வேகங்கள் இருந்தன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 16⅔ சுற்றில் ஓடவிட்டால், பாட்டு சரியாகப் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே கேட்கும், ஸ்ருதி கெடாது. விரைவாக ஓடிவிடும் வயலின் சங்கதியை ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்தெடுக்க விரும்பியவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது காதால் கேட்டுப் பாடம் செய்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம். என் கணிப்பில் ஒரு மெல்லிசைக் குழுவின் முழுத் திறமையும் இங்கேதான் வெளிப்பட்டது. பல்லவிக்கு முன்னால் வரும் இசையையும், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் முதல் இடையிசையையும் கேட்பவர் மனப்பாடமாக வைத்திருப்பார். அங்கே ஒரு ஸ்வரம் பிசகினாலும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். எனவே வயலின்களின் பகுதியைக் காம்போ ஆர்கன் என்ற சிறிய மின்னணு ஆர்கனோ ஆக்கார்டியனோ ஏற்றுக்கொள்ளும். சிதார் வரும் இடத்தைக் கிட்டார் கலைஞர் மேல் தந்திகளில் வாசித்துச் சமாளிப்பார். ஷெனாய்க்குப் புல்லாங்குழல் நிற்கும். பாடகரின் குரலுக்குப் பின்னால் மெலிதாகப் பின்னிவரும் துணை இசைக்கோடுகள் பெரும்பாலும் விடுபட்டுவிடும். டோலக் வாசிப்பவர், பாட்டின் நடுவே கஞ்சிரா ஒலிக்க வேண்டிய இடத்தில், இடக்கையால் தாளத்தைத் தாங்கிக்கொண்டே வலக்கையால் கஞ்சிராவை எடுத்து நான்கு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த ஆவர்த்தனத்துக்குள் டோலக்குக்குத் திரும்பிவிடுவார். மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்தாம் இதையெல்லாம் பார்த்திருப்பார்கள். எதிரே மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டு முழுமையாக வந்து சேர்ந்தது என்பது மட்டுமே தெரியும்.

பாடகர்களின் நிலையும் அப்படித்தான். ஓர் இரவில் ஒரே ஆள் நான்கைந்து பின்னணிப் பாடகர்களின் பாணியில் பாட வேண்டியிருந்தது. ஒருவருடைய கனத்த மேல் ஸ்தாயியில் ஒரு பாட்டைப் பாடி முடித்த கையோடு, இன்னொருவருடைய மென்குரலுக்கு இறங்கி வர வேண்டும். பேத்தியை ஏதேனும் ஒரு நல்ல குழுவின் கச்சேரிக்கு அழைத்துச் சென்று, மேடையின் ஓரத்தில், வாத்தியக்காரர்களின் கைகள் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். உங்கள் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பக்கத்து ஊர்க் கச்சேரியில் பாடுவது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெளிவாகக் கேட்கும். அதே கச்சேரியை நேரில் போய்க் கேட்டால் அவ்வளவு சுகம் இருக்காது. இதற்குக் காரணம் உண்டா? — வாசகி, விருதுநகர்

உண்டு. அந்நாளில் மூங்கில் கம்பத்திலும் தென்னை மரத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள், மனிதக் குரல் அமையும் நடு அலைவரிசையை மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகத் தொலைவுக்கு எறிவதற்காகவே உருவானவை. தாழ்ந்த ஸ்வரங்களை அவற்றால் எழுப்ப முடியாது. ஆகவே பேஸ் கிட்டாரும் தபேலாவின் இடது பக்கமும் கம்பத்துக்குக் கீழேயே கரைந்துபோக, பாடகரின் குரலும் டோலக்கின் வலப்பக்கத் தட்டும் புல்லாங்குழலும் வயல் தாண்டிப் போயின. அருகில் நிற்பவருக்குக் காதைக் குத்திய அதே கூர்மை, தொலைவில் காற்றில் தேய்ந்து இனிமையாகிவிடுகிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கும்போது, மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. நள்ளிரவுக்கு மேல் பாட்டு இன்னும் நெருங்கி வந்தது போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம். உங்கள் மொட்டை மாடி நல்ல இடந்தான்.

திருவிழாக் கச்சேரிகள் குறைந்துபோனதற்குத் தொலைக்காட்சியைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். அது சரியா? — வாசகர், ஈரோடு

தொலைக்காட்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் முழுப் பழியையும் அதன் மேல் போடுவது நியாயமாகாது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-இல் தொடங்கியது. மெல்லிசைக் குழுக்கள் மிகச் செழிப்பாக இருந்த ஆண்டுகள் அதற்குப் பிறகும் நீண்டன. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் திரைப்பாடல் காட்டிய தொலைக்காட்சி, அந்தப் பாடல்களை மேடையில் கேட்கும் ஆசையை வளர்த்தது என்றே சொல்லலாம்.

சட்டம் செய்த மாற்றம் பெரிது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதைத் தடை செய்தன. பண்டிகை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம் என்ற திருத்தம் பின்னர் வந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் இந்த விதியை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் கச்சேரியின் உருவத்தை அது மாற்றிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாமி புறப்பாடு முடிந்து இரவு 10 மணிக்குத் தொடங்கி, பக்திப் பாடல்கள், பழைய பாடல்கள், புதுப் பாடல்கள், துண்டுச் சீட்டில் வரும் நேயர் விருப்பம் என்று விரிந்து, கூட்டம் குறைந்த பின்னிரவில் பாடகர் தமக்குப் பிடித்த, அதிகம் அறியப்படாத பாடல்களை நிதானமாக எடுத்துப் பாடும் அந்த அமைப்புக்கு இடமில்லாமல் போயிற்று. மாலை 7 மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால், எல்லாரும் கேட்கும் பாடல்களை மட்டுமே பாட முடியும். பின்னிரவுப் பாடல்களின் இழப்பே எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது; குழுக்களின் தனித்தன்மை அங்கேதான் இருந்தது.

மூன்றாவது காரணம் மின்னணுக் கீபோர்டு. ஒரே ஆள் வயலின் வரிசை, புல்லாங்குழல், ட்ரம்பெட் ஒலிகளையெல்லாம் விரலசைவில் கொண்டுவர முடிந்தபோது, விழாக் குழுவினர் பத்துப் பேருக்குச் சம்பளமும் வேனும் சாப்பாடும் கொடுக்கத் தயங்கினார்கள். பிறகு, பாடகர் குரல் இல்லாமல் பின்னணி இசை மட்டும் பதிவான கரோக்கி ட்ராக் வந்தது. பாடகரும் ஒலி அமைப்பாளரும் இருந்தால் போதும் என்ற நிலை உருவாயிற்று. ஆயினும் குழுக்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. முழு வாத்தியக் குழுவோடு வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை அழைக்கும் ஊர்களும் இருக்கின்றன.

மேடைக் கச்சேரியில் வாசித்துப் பின்னர் திரையில் பெயர் பெற்றவர்கள் யார் யார்? — வாசகர், தேனி

உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், கம்யூனிஸ்ட் இயக்க மேடைகளில் பாடிய பாடகர், கவிஞர். கேரளத்தில் 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாடல்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் அவருடன் சேர்ந்து பாவலர் பிரதர்ஸ் என்ற குழுவாக ஊர் ஊராகச் சென்றார்கள். பின்னர் சென்னைக்கு வந்த இந்தச் சகோதரர்கள், எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தார்கள். இளையராஜா கிட்டாரும், பிறகு ஆர்மோனியமும் வாசித்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அவருக்குப் பின்னால் நீண்ட மேடை அனுபவம் இருந்தது. எந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காரும், எந்தத் தாளத்துக்குக் கை தானாகத் தட்டும் என்பதைக் கிராமத்து மேடையைவிட நேரடியாகக் கற்றுத் தரும் பள்ளி இல்லை.

ஏ.வி.ரமணனின் மியூசியானோ குழுவில் பாடிய உமா ரமணன் திரையிலும் நிலைத்த பெயர் பெற்றார். 2024-இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும் அவருடைய மேடைக் கச்சேரிகளையும் சேர்த்தே நினைவுகூர்ந்தன. மலேசியா வாசுதேவனும் மேடையில் வளர்ந்தவர். அடுத்த தலைமுறையில் ஏ.ஆர்.ரஹ்மான், டிரம்ஸ் சிவமணி, கிட்டார் கலைஞர் ஜான் ஆண்டனி முதலிய நண்பர்களுடன் 'ரூட்ஸ்' என்ற இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தார்.

திரைக்குப் போகாமல், பகலில் வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளிலும் விழாக் காலங்களிலும் வேனில் ஏறி ஆயுள் முழுதும் மேடையிலேயே வாசித்தவர்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுள் பலர் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எழுபதுகளில் கேட்ட பொப் இசையைத் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விளக்க முடியவில்லை. நீங்கள் இரண்டு வரி எழுதுவீர்களா? — வாசகர், டொரண்டோ

இரண்டு வரியில் அடங்காது, ஆனாலும் முயல்கிறேன். இலங்கையில் போர்த்துக்கீசியர் காலத்தில் வேரூன்றி, ஆப்பிரிக்க வழிவந்த காப்பிரி மக்களின் தாளத்தோடு கலந்து வளர்ந்த பைலா ஆட்ட இசை, சிங்கள மக்களிடையே பெரிதும் பரவியிருந்தது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அந்தத் துள்ளல் தாளத்தையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில், வீட்டையும் வேலியையும் மாமியையும் மச்சாளையும் பற்றி இளைஞர்கள் பாடத் தொடங்கினார்கள். நித்தி கனகரத்தினம் இந்த வகையின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். 'சுராங்கனி' பாட்டின் மூலம் ஏ.ஈ.மனோகரன் கடல் கடந்தும் புகழ் பெற்று, தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்றே அழைக்கப்பட்டார்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். இங்குள்ள மெல்லிசைக் குழுக்கள் திரைப்பாடலை மேடைக்குக் கொண்டுவந்தன. உங்கள் பொப் பாடகர்களோ, திரைப்படம் என்ற தூண் இல்லாமலேயே, சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்து, மேடையிலும் வானொலியிலும் தங்கள் பாடல்களை நிலைநாட்டினார்கள். தமிழில் இது அப்போது அரிய செயல். பிறகு வந்த போரும் இடப்பெயர்வும் அந்த மேடைகளைக் கலைத்துவிட்டன. நீங்கள் கேட்டவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். எந்தப் பள்ளி மைதானத்தில், எந்தக் குழு, எந்தப் பாட்டை முதலில் பாடியது என்பதுவரை எழுதி அனுப்புங்கள். இடம் தருகிறோம்.

சென்னையில் அந்நாளில் நான் கச்சேரி கேட்ட அரங்குகள் இன்னும் இருக்கின்றனவா? — வாசகி, பெங்களூரு

நீங்கள் குறிப்பிட்டவற்றுள் பெரும்பாலானவை இருக்கின்றன. நடிகர் சித்தூர் வி.நாகையாவின் முயற்சியில் 1945-இல் உருவான தியாகராய நகர் வாணி மஹாலில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. தேனாம்பேட்டை காமராஜர் அரங்கமும் அண்ணா சாலை ராணி சீதை மன்றமும் அப்படியே உள்ளன. வாலாஜா சாலைக் கலைவாணர் அரங்கம் மட்டும் நீங்கள் அறிந்த அரங்கம் அன்று. பாலர் அரங்கமாக இருந்து பெயர் மாறிய அந்தப் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, பல மாடிகளுடன் கூடிய புதிய கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் சட்டமன்றக் கூட்டத்தொடர் அங்கே நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

என் தந்தை ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவரிடம் கச்சேரி ஒலிப்பதிவு செய்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையவும், நோட்டீஸ்களும், பாட்டுக் குறிப்பு எழுதிய நோட்டுகளும் இருக்கின்றன. வீடு மாறும்போது இவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. — வாசகி, சேலம்

தயவு செய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். திரைப்பாடல்களின் மூல ஒலிப்பதிவுகள் நிறுவனங்களிடம் உள்ளன. ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குழு அவற்றை எப்படி வாசித்தது என்பதற்கு உங்கள் டிரங்குப் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இருக்க வாய்ப்பில்லை.

முதல் வேலையாக, ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாக அதன்மேல் பதிவாகாது. கேசட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வையுங்கள். நாடாவில் வெண்மையான பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைப் பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை, பிளேயரில் நாடாவின் ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நாடா நன்றாக இருந்தாலும், நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கக்கூடும். அப்படியானால் நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

எண்ம வடிவுக்கு மாற்றித் தருபவரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயங்களை வற்புறுத்துங்கள். வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் பிறகு எம்.பி.3 ஆக்கிக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின்மேல் பயன்படுத்த விடாதீர்கள்; அது கூட்டத்தின் கைதட்டலையும் ஜால்ராவின் ஒலியையும் சேர்த்துத் தேய்த்துவிடும். மூன்றாவது, ஒவ்வொரு கேசட்டுக்கும் பிளேயர் ஹெட்டின் சாய்வைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். வெவ்வேறு டேப் ரெக்கார்டர்களில் பதிவானவற்றுக்கு இந்தச் சாய்வு சற்று வேறுபடும். அது பொருந்தாதபோது பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாகக் கேட்கும், பொருந்தியவுடன் புல்லாங்குழலின் மூச்சுக்காற்றுகூடத் தெளியும். மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளை வைத்திருங்கள். கோப்புகளை இரண்டு தனித்தனி வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள்.

நோட்டீஸ்களைப் பற்றிச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரிடம் பேசிப் பாருங்கள். தமிழ் அச்சு ஆவணங்களைப் பேணுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். பாட்டுக் குறிப்பு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். அவற்றின் ஓரங்களில் உங்கள் தந்தை எழுதியிருக்கும் ஸ்ருதிக் குறிப்பும் கிட்டாரில் பிடிக்கும் கார்டுகளின் (chords) பெயர்களும், எந்தப் பாட்டின் ஸ்ருதியை எந்தப் பாடகருக்காக எத்தனை கட்டை இறக்கினார்கள் என்பதைச் சொல்லும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே, ஏதேனும் நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட்டைத் தந்தையுடன் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த விழா, எந்த ஆண்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசிப்பவர் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாடகர்களின் பெயர் நோட்டீஸில் அச்சாகியிருக்கும். பாங்கோஸ் வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் எந்தத் தாளிலும் இருக்காது. அதை உங்கள் தந்தைதான் சொல்ல முடியும்.